கால் கழுவும் படி

கிணற்றில் குடத்தை முக்குவதற்கு முன் காலைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஊரில் எழுதாத சட்டம். குருபரப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மண்பாதையில் இரண்டு மைல் நடந்தால் அந்த ஊர் வரும். ஊர் நடுவில் சதுரமாகக் கல் கட்டிய படிக்கிணறு. மாசியில் பத்துப் படி இறங்கினால் தண்ணீர். வைகாசியில் முப்பது படி இறங்க வேண்டும். தண்ணீருக்குள் முழங்கால் ஆழத்தில் இருக்கும் படியில் நின்று, பாதங்களை ஒன்றோடொன்று தேய்த்துக் கழுவி, வாய் கொப்பளித்து, முகத்தில் கொஞ்சம் தெளித்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பெண்கள் குடத்தை முக்குவார்கள். தண்ணீர் இறங்க இறங்க அந்தப் படியும் கீழே போய்க்கொண்டிருக்கும். ஆனாலும் எந்தப் படியில் நிற்கிறார்களோ அதற்குக் கால் கழுவும் படி என்றுதான் பேர். புழுதிக் காலோடு தண்ணீர் மொண்டுவிட்ட புது மருமகளை மாமியார் குடத்தைக் கொட்டவைத்துத் திரும்ப அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு சுத்தமான ஜனங்கள்.

கிராம சேவக்காக, அதாவது சர்க்கார் கிராம ஊழியனாக, என்னை அங்கே அனுப்பியபோது எனக்கு இருபது வயது. அப்பா மத்திகிரி கால்நடைப் பண்ணையில் சாணம் அள்ளி, தீவனம் போடுகிற ஆள். எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடத்துக்குப் போனது நான்தான் முதல். ஓசூரில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். அப்புறம் பயிற்சி. எருக்குழி தோண்டுவதிலிருந்து நல்ல தண்ணீரைக் கெட்ட தண்ணீரிலிருந்து பிரித்தறிவது வரை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எழுதியதை நம்புகிற புத்தி எனக்கு.

நோட்டில் ஒரு முழுப் பக்கம் நரம்புச் சிலந்தியைப் பற்றியது. அந்த ஊரில் பாதிப் பேர் தெலுங்கு பேசுவார்கள், அவர்கள் அதை நாரிக்குருப்பு என்றார்கள். கன்னடக்காரர்கள் நாருஹுண்ணு என்றார்கள். மூன்று பாஷையிலும் விஷயம் ஒன்றுதான். காலில் ஒரு கொப்புளம் வரும். நெருப்பை வைத்ததுபோல் எரியும். அது உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல்போல ஒரு புழு தலை நீட்டும். துடைப்பக் குச்சியில் அதன் நுனியைச் சுற்றி, நாளைக்கு ஒரு விரற்கடை அளவு இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துபோய்க் கால் சீழ் பிடிக்கும். முழங்கை நீளத்துக்குமேல் வரும். ஒரு மாதமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அது வருகிற காலம் வைகாசி, ஆனி. கேழ்வரகுக்கு உழவு ஓட்டுகிற காலமும் அதுதான்.

எரிகிற காலுக்கு ஒரே ஆறுதல் குளிர்ந்த தண்ணீர். தண்ணீரில் கால் பட்டதும் புழு தன் குஞ்சுகளைப் பாலைப்போலக் கக்கிவிடும். கிணற்றில் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிற பூச்சிகள் உண்டு, அவை அந்தக் குஞ்சுகளைத் தின்னும். இரண்டு வாரம் கழித்து அந்தப் பூச்சியோடு சேர்த்துத் தண்ணீரைக் குடிக்கிறவன் உடம்பில் புழு வளரத் தொடங்கும். மறு வருஷம் அதே காலத்தில் அவன் காலில் கொப்புளம் வரும். இதுதான் அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது. குடிக்கிற எல்லாத் தண்ணீரையும் இரட்டைத் துணியில் வடிகட்டு என்று அதற்கடியில் கோடு போட்டு வைத்திருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்த அன்று சித்திரை வெயில். எனக்குத் தங்க இடம் கொடுத்த வீட்டில் புருஷன், பெண்சாதி, எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று. அந்த அம்மாளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அதனால் அவள் புருஷர் எனக்கு மாமா ஆனார். வாசலில் நின்ற என்னிடம் அக்கா ஒரு பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் பண்ணை ஆட்களுக்குத் தண்ணீரைக் கையில்தான் ஊற்றுவார்கள். அப்பா குனிந்து இரண்டு கையையும் ஏந்திக் குடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கையில் செம்பு வந்ததும், பையில் இருந்த வடிகட்டும் துணியை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த அம்மாள் முகத்துக்கு நேரே அவள் தண்ணீரைத் துணி போட்டு வடிகட்டுவதா? அண்ணாந்து முழுவதையும் குடித்தேன். அந்தக் கோடையில் இன்னும் எத்தனை வீட்டில் அப்படிக் குடித்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

அந்த வருஷம் வீட்டுக்கு வீடு சிலந்தி. மாமாவுக்கும் அக்காவுக்கும் ஒரே சமயத்தில் வந்தது. அவருக்கு இரண்டு காலிலும், அவளுக்கு ஒரு காலில். ஆனி போய் ஆடி வந்தும் இரண்டு பேராலும் எழுந்து நிற்க முடியவில்லை. அவர்களுடைய மூன்று ஏக்கரும் தரிசாகக் கிடந்தது. அந்த வருஷம் அக்காவின் அண்ணன் வீட்டிலிருந்து வந்த கேழ்வரகில்தான் களி கிண்டினார்கள். இன்னும் ஒரு விதைப்பு தப்பினால் நிலத்தை விட்டுவிட்டுப் பெங்களூர்ப் பக்கம் கல் உடைக்கப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்று மாமா சொன்னார். புலம்பிச் சொல்லவில்லை. நாளைக்குச் சந்தைக்குப் போக வேண்டும் என்பதுபோலச் சொன்னார்.

தோஷம் கிணற்றில் இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடலாம், கால் கழுவுவதில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஊர்க்கவுண்டரிடம், அதாவது ஊர்த் தலைவரிடம், போய்ப் படிகளை அடைத்துச் சுவர் வைத்துவிடலாம், மேலே நின்று கயிற்றால் சேந்திக்கொள்ளலாம் என்றேன். அவர் வெற்றிலையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க பொம்பளைங்க கால் கழுவறதுல என்னா கொறையக் கண்டீங்க, சாரு? ஓசூருக் காலவிட எங்கூருக் கால் சுத்தந்தான்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

சேந்துகிணறு ஆக்கினால் யார் கயிறு, யார் வாளி என்ற சண்டை வரும் என்றார்கள். படியில் அவரவர் குடத்தை அவரவர் முக்கிக்கொள்கிறார்கள், ஒருத்தர் தொட்டதை ஒருத்தர் தொட வேண்டியதில்லை. நான் இன்னொன்றும் சொன்னேன். ஓடைக்கு அந்தப்புறம் இருந்த சேரிக்கு இந்தக் கிணற்றில் உரிமை கிடையாது. அவர்கள் ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடித்தார்கள். அங்கே ஒரு காலிலும் சிலந்தி இல்லை, ஏன் என்று யோசித்துப் பாருங்கள் என்றேன். அப்படிக் கேட்டது தப்பு என்று உடனே தெரிந்தது. எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். ஒரு மாதத்துக்கு எனக்கு யாரும் சரியாக முகம் கொடுக்கவில்லை.

வடிகட்டும் துணி கொடுத்துப் பார்த்தேன். வாங்கிக்கொண்டார்கள். வடிகட்டவும் செய்தார்கள். ஆனால் வடிகட்டி முடித்த துணியைக் கிணற்றுத் தண்ணீரிலேயே அலசினார்கள். இன்றைக்கு இந்தப் பக்கம், நாளைக்கு அந்தப் பக்கம் என்று துணியைத் திருப்பிப் போட்டார்கள், நேற்றுத் தங்கிய பூச்சி இன்று குடத்துக்குள் போனது. காட்டில் வேலை செய்கிறபோது கலயத்துத் தண்ணீரை வடிகட்டுகிறவர் யாருமே இல்லை.

கடைசியில் வழி சொன்னது அக்காதான். படியை அடைக்க வேண்டாம், ஆனால் சிலந்தி வந்தவர்கள் மட்டும் இறங்காமல் இருக்கட்டும் என்றாள். அவர்கள் வீட்டு வாசலில் குடத்தைக் கவிழ்த்து வைக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரி அந்தக் குடத்தையும் எடுத்துப்போய் நிரப்பிக்கொண்டு வரட்டும். இதை ஊர்க்கவுண்டர் ஒப்புக்கொண்டார். அடுத்த கோடை முழுக்க ஒரு சிலந்திக் கால்கூட அந்தத் தண்ணீரில் படாமல் இருந்தால், அதற்கடுத்த கோடையில் ஊரில் சிலந்தியே இருக்காது என்று நான் வாக்குக் கொடுத்தேன். நோட்டில் அப்படித்தான் இருந்தது.

மறு வருஷம் சித்திரையில் குடங்கள் கவிழத் தொடங்கின. மாமாவுக்குத்தான் முதலில். முழங்காலுக்குக் கீழே, மூட்டை ஒட்டி. ஊர் சொன்னபடி நின்றது, என்னாலேயே நம்ப முடியவில்லை. வலி தாங்காமல் அழுகிறவர்கள்கூட வாசலில் உட்கார்ந்து காலுக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டார்கள், கிணற்றுப் பக்கம் போகவில்லை. மாமா நாற்பது நாள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. ஒரு மத்தியானம் என்னைப் பார்த்து, உன் நோட்டை எழுதினவனுக்கு இது வந்திருக்குமா என்று கேட்டார். வந்திருக்காது என்றேன். அதான் பார்த்தேன் என்றார்.

அக்காவுக்கு அந்த வருஷம் வரவில்லை. தனியாளாக ஏர் பிடித்தாள். பெண்பிள்ளை ஏர் பிடிக்கிறாளே என்று ஊரில் பேசினார்கள். இந்த வருஷம் விதைத்துவிட்டால், அடுத்த வருஷம் சிலந்தி இருக்காது, அதற்குள் இவரும் எழுந்துவிடுவார் என்றாள். என் வாக்கை வைத்துத்தான் அவள் அப்படிக் கணக்குப் போட்டாள்.

வைகாசிக் கடைசியில் ஊர்க்கவுண்டரே என்னைக் கூப்பிட்டு, சுவர் விஷயத்தை யோசிக்கலாம், கொத்தனாரை வரவழைத்து அளவு பார் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தேன். அந்த வாரம்தான் புதுச் செருப்பு வாங்கியிருந்தேன். செருப்புப் போட்டுப் பழக்கமில்லாத கால். இடது கணுக்காலுக்குக் கீழே, வார் உரசுகிற இடத்தில் கொப்புளம் வந்து இரண்டு நாளாக எரிந்தது. செருப்புக்கடி என்று நினைத்தேன். எண்ணெய் தடவினேன். நூறு கால்களில் அந்தக் கொப்புளத்தைப் பார்த்தவன், என் காலில் இருந்தது அதுதான் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. சிலந்தி ஊர்க்காரர்களுக்கு வருவது, நான் அதை ஒழிக்க வந்தவன். மனசுக்குள் அப்படித்தான் வைத்திருந்தேன் போலிருக்கிறது.

கொத்தனாரும் நானும் கீழே இறங்கி, கால் கழுவும் படியில் நின்று கயிறு பிடித்து அளந்தோம். சுவர் எந்தப் படியிலிருந்து எழும்ப வேண்டும், எவ்வளவு கனம் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். ஒரு மணி நேரம் இருக்கும். தண்ணீர் முழங்காலுக்கு. எரிந்துகொண்டிருந்த கால் தண்ணீரில் இறங்கியதும் அப்படி ஒரு சுகம். கால் குளிர்ந்து போயிற்றே என்று மேலே ஏறக்கூட மனசில்லாமல் நின்றேன்.

சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து காலைத் துடைத்தேன். கொப்புளம் உடைந்திருந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு நுனி. துணியில் ஒட்டிய நூல் என்று நினைத்துத் தட்டிவிட்டேன். அது போகவில்லை.

உள்ளே அக்கா களி கிண்டுகிற சத்தம் கேட்டது. மாமா பத்தடி தள்ளித் தன் முழங்காலில் புழுவைச் சுற்றியிருந்த குச்சியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாசலில் அவருக்காகக் கவிழ்த்த குடம் அப்படியே இருந்தது. நான் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, செருப்புக்கடி என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் நொண்டிக்கொண்டே சாலைக்கு வந்து, ஒரு லாரியில் ஏறிக் கிருஷ்ணகிரி போய்ச் சுகாதார இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அனுபவஸ்தர், நல்ல மனுஷர். காலைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். கிணற்றுப் பூச்சிக்குள் குஞ்சு வளர இரண்டு வாரம் ஆகும், அதற்குள் கிணற்றை அடிவரை இறைத்துவிட்டால் தப்பிக்கலாம் என்றார். ஆனால் வைகாசியில் எந்த ஊராவது குடிதண்ணீர்க் கிணற்றை இறைக்குமா? அப்படிச் செய்து ஊற்றுத் திரும்பாமல் போனால் உன்னை உயிரோடு விடுவார்களா?

"எதுக்குப்பா சொல்லணும்? எல்லாரும் ஒரு மாசம் ஒழுங்கா வடிகட்டிக் குடிங்கன்னு கண்டிப்பாச் சொல்லு, போதும். நீ இறங்கினேன்னு தெரிஞ்சுதோ, அப்புறம் உன் பேச்சை ஒருத்தன் கேக்க மாட்டான். சுவரும் வராது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. திரும்பி நடக்கிற வழியெல்லாம் அதையேதான் யோசித்தேன். சொல்லாவிட்டால் சுவர் வரும். சுவர் வந்தால் வருங்காலம் முழுக்க ஊர் பிழைக்கும். ஒரே ஒரு வருஷம், அதுவும் வடிகட்டினால் சரியாகிவிடும். ஆனால் எப்படி வடிகட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஏர் பிடிக்கிறவள் உழவுக்கு நடுவில் கலயத்தைத் தூக்கி எப்படிக் குடிப்பாள் என்பதும் தெரியும். நான் பேசாமல் இருந்தால் அடுத்த ஆனியில் யாரோ ஒருத்தர் கால் எரியும். அந்த வீட்டிலேயே எரிந்தால்? மாமாவின் மூட்டு இனி முன்போல மடங்காது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் மிச்சம் இருந்தவை அவளுடைய இரண்டு கால்கள்தான்.

ஊருக்குள் வந்ததும் நேராகச் சாவடிக்குப் போய் ஊர்க்கவுண்டரிடம் சொன்னேன். அவர் ஆட்களைக் கூப்பிட்டுவிட்டார். கூட்டத்தில் காலைத் தூக்கித் துணியை அவிழ்த்துக் காட்டினேன். நேற்று ஒரு மணி நேரம் தண்ணீரில் நின்றதையும் சொன்னேன். மாமாவை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார்கள். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நாப்பது நாளு. கால நெருப்புல வெச்சாப்பல வெச்சிகினு வாசல்ல ஒக்காந்திருந்தன். அதோ தெரியுது கெணறு. ஒரு நாளு எறங்கல. நீ சொன்னன்னு எறங்கல. நீ போயி எறங்கிட்டு வந்து நிக்கற."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கிணற்றை இறைக்க வேண்டும் என்றபோதுதான் சத்தம் எழுந்தது. இருப்பதே இடுப்பளவுத் தண்ணீர். மழைக்கு இன்னும் எத்தனை நாளோ. பைத்தியக்காரன் பேச்சு என்றார் ஒருவர். இவனை இன்றைக்கே பஸ் ஏற்றிவிடுங்கள் என்றார் இன்னொருவர். ஊர்க்கவுண்டர் கையைக் காட்டி அடக்கிவிட்டு என்னைக் கேட்டார்.

"எறச்சப்புறம் ஊத்து வரலன்னா?"

"தெரியாதுங்க, ஐயா."

"தெரியாதுன்னு சொல்ற சர்க்கார் ஆள இப்பத்தான் பாக்கறன்" என்றார். செருப்புக்கடி என்று சொல்லி மறைத்திருக்கலாமே, ஏன் சொன்னாய் என்று கேட்டார். அக்கா வீட்டுக் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. பயமாக இருந்தது, அதனால் சொன்னேன் என்றேன். அதுவும் உண்மைதான்.

பெண்கள் கூட்டத்துக்கு வெளியே சுவரோரம் நின்றார்கள். ஆண்கள் பேசுகிற இடத்தில் அவர்கள் பேசுவதில்லை. அக்கா அங்கிருந்தே, யாரையும் பார்க்காமல், எங்கள் வீட்டிலிருந்து நாளைக்குக் காலையில் குடத்தோடு நான் வருகிறேன் என்றாள். மாமா திரும்பி அவளைப் பார்த்தார். மறுக்கவில்லை.

மறுநாள் வெள்ளி முளைக்கும்போதே படி நெடுக ஆள் நின்றது. கீழிருந்து குடம் கைமாறிக் கைமாறி மேலே வரும். காலி குடம் இன்னொரு வரிசையில் கீழே போகும். சிலந்தி வந்தவர்கள் யாரும் படியில் இறங்கக்கூடாது என்ற கட்டு அன்றைக்கும் இருந்தது. எனக்கும் அதே கட்டுதான். என்னை மேலே ஒரு கல்லில் உட்காரவைத்து, வருகிற குடத்தை வாங்கி மேட்டுச்சரிவில், கிணற்றுப் பக்கம் திரும்பி வராதபடி கொட்டுகிற வேலையைக் கொடுத்தார்கள். ஊர்க்கவுண்டர் வேண்டுமென்றேதான் அந்த வேலையைக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் முழுக்க அந்த ஊர் குடிக்க வைத்திருந்த தண்ணீரை என் கையால் கொள்ளுக்காட்டில் கொட்டினேன். குடத்தை என் கையில் கொடுக்கிறபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. காய்ந்த மண் சத்தத்தோடு உறிஞ்சிற்று. மாடுகள் ஈர மண்ணை நக்க வந்தன. அவற்றை ஒருத்தர் விரட்டிக்கொண்டே இருந்தார்.

குடிக்க ஓடை மணலுக்குத்தான் போக வேண்டியிருந்தது. சேரிக்காரர்கள் தோண்டின ஊற்றில் மொள்ளாமல், அதற்கு மேல்பக்கமாக ஊர்க்காரர்கள் தனியாக ஊற்றுத் தோண்டிக்கொண்டார்கள். ஒரே ஓடை, ஒரே மணல். கீழே சேரிக்காரர்களுக்கு ஊற்றுச் சுரப்பது குறைந்தது. இதையும் நான்தான் கொண்டுவந்தேன். அவர்களில் ஒருத்தரும் என்னிடம் வந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் கிணற்றின் அடிப்பாறை தெரிந்தது. சேற்றை வழித்துச் சுண்ணாம்பு போட்டார்கள். பகலெல்லாம் பாறை வெறுமனே கிடந்தது. ஊர்க்கவுண்டர் மேலே நின்று பார்த்தார். எப்படியும் காலியாகத்தான் கிடக்கிறது, இப்போதே சுவரை எழுப்பிவிடு என்று கொத்தனாரிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. நான்காம் நாள் காலையில் வடக்கு மூலையில் பாறை வெடிப்பு கசிந்திருந்தது. உள்ளங்கையளவு தண்ணீர். ஒரு கிழவர் குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சுவர் முடிந்து ராட்டினம் மாட்டியபோது முழங்காலளவு சேர்ந்திருந்தது. கால் கழுவ மேலே ஒரு தொட்டி கட்டினார்கள். கழுவின தண்ணீர் வெளியே வாய்க்காலில் போகும்படி செய்தது அக்கா சொன்ன யோசனை. கயிற்றுச் சண்டை நடக்கத்தான் நடந்தது. வீட்டுக்கு ஒரு கயிறு, வீட்டுக்கு ஒரு வாளி என்று கடைசியில் ஆயிற்று.

எனக்குப் புழு முழுசாக வெளியே வர முப்பத்தைந்து நாள் ஆயிற்று. என் குச்சியை நானே சுற்றினேன். மாமா ஒரு நாள் தடியை ஊன்றி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இவ்வளவு வேகமாக இழுத்தால் அறுந்துவிடும் என்று சொல்லி, குச்சியை வாங்கி அவரே அன்றைக்குச் சுற்றிவிட்டார்.

கார்த்திகையில் என்னை ஓசூர்ப் பக்கம் மாற்றினார்கள். தண்டனை ஒன்றுமில்லை, வழக்கமான மாற்றல். ஆனி பிறந்ததும் லீவு வாங்கிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். வீடு வீடாகப் போய்க் கால்களைக் காட்டச் சொன்னேன். முன் வருஷம் குடம் கவிழ்ந்த வீடுகளில் எல்லாம் சுத்தமான கால்கள். குழந்தைகள் வரிசையாக நின்று பாதத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடின. ஊர்க்கவுண்டர் தானும் காலை நீட்டினார். எனக்கு மூச்சு வந்தது. அக்கா வீட்டைக் கடைசியில் வைத்திருந்தேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து காலைச் சேலைக்குள் இழுத்து வைத்திருந்தாள். காட்டு என்றேன். ஒன்றுமில்லை என்றாள். குழந்தைதான் சொல்லிவிட்டது. வலது கணுக்காலில். வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஊர் முழுவதிலும் அந்த ஒரு கால்.

எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். நான் இறங்கினதற்கும் கிணறு இறைத்ததற்கும் நடுவில் குடித்த தண்ணீரா, அதற்கு முன்பே எங்காவது குடித்ததா, அண்ணன் ஊரிலா? நோட்டுப்படி பார்த்தால் பூச்சிக்குள் குஞ்சு வளர இரண்டு வாரம் வேண்டும், இறைப்பதற்கு முன் இருந்த அந்த இரண்டு மூன்று நாளில் வந்திருக்க முடியாது. ஆனால் நோட்டில் உள்ளபடியே எல்லாம் நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அப்போது இல்லை. ஞாபகப்படுத்திச் சொல்லு அக்கா, ஞாபகப்படுத்திச் சொல்லு என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"உங்க காலா, வேற எவன் காலான்னு புழு மேல எழுதியா இருக்குது, தம்பி? உடுங்க" என்றாள்.

மாமாவின் மூட்டு மடங்காமல் நின்றுபோயிருந்தது. ஏர் பிடித்து நடக்க அவரால் ஆகாது. போன வருஷம் அவள் ஒருத்தியாக விதைத்து எடுத்ததில்தான் அந்த வீடு அந்த வருஷத்தைத் தள்ளியிருந்தது. இந்த விதைப்பு தப்பினால் பெங்களூர்தான். நான் லீவை நீட்டிக் கடிதாசு எழுதிப் போட்டேன். மாட்டுக்காரன் மகன், ஏர் பிடிக்க எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியற்காலையில் ஏர் கட்டுவேன். வெயில் ஏறினதும் வந்து கிணற்றில் தண்ணீர் சேந்தி அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவேன். ராட்டினத்தடியில் நின்ற பெண்கள், சேவக்குக்குக் கல்யாணம் ஆகாமலேயே தண்ணி மொள்ளுகிற வேலை வந்துவிட்டது என்று கேலி செய்தார்கள். அவ்வளவு பேர் என்னோடு பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஆடி முதல் வாரத்து மழையில் விதைப்பு முடிந்தது. மூன்று ஏக்கரும். புழு அதற்கு மறுவாரம் முழுசாக வெளியே வந்தது. மாமா அதை அடுப்பில் போட்டார்.

இப்போது வேறு தாலுகாவில் வேலை. ஆனாலும் ஒவ்வொரு ஆனியிலும் போய்க் கால்களைப் பார்த்துவிட்டு வருகிறேன். அதற்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை. அந்தக் குடும்பம் பெங்களூருக்குப் போகவில்லை. அக்காவின் வலது கணுக்கால் மட்டும் சரியாகவில்லை. மேட்டிலிருந்து வயலுக்கு இறங்கும்போது பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு கையை மண்ணில் ஊன்றித்தான் இறங்க முடிகிறது. நான் போயிருக்கிற இரண்டு நாளும் எனக்கு எதிரில் அப்படி இறங்காமல் இருக்கப் பார்க்கிறாள்.